இரண்டு பெட்டி நிறைய பாதியில் நின்ற பின்னலும் தையலும்: எங்கிருந்து தொடங்குவது?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டு ட்ரங்குப் பெட்டி நிறைய பாதியில் நின்ற பின்னல், தையல் வேலைகள் இருக்கின்றனவாம். மகன் இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது அவனுக்காகத் தொடங்கிய நீல ஸ்வெட்டர் கழுத்துக்கு வந்து நின்றுவிட்டது; பிள்ளை இப்போது எட்டாம் ஆண்டு. தனக்காகப் பின்னிய மெரூன் கார்டிகனின் பகுதிகள் எல்லாம் முடிந்து, இணைக்காமல் கிடக்கின்றன. ஆறு குஷன் உறைகளில் இரண்டுக்குத்தான் பூ முடிந்திருக்கிறது. குரோஷே சதுரங்களால் செய்யத் தொடங்கிய போர்வைக்கு 2022இல் நூல் கிடைக்காமல் போனது. ஒற்றைக் காலுறை, ஒற்றைக் கை என்று சில்லறை வேலைகள் வேறு. எல்லாவற்றுக்கும் அடியில், காலமான அம்மா பாதி தைத்து வைத்த ஒரு மேசைவிரிப்பு. இவற்றை எந்த ஒழுங்கில் முடிப்பது, அதுவரை புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாதா என்பது கேள்வி.

தங்கச்சி, கேள்வியின் நடுவில் "எனக்குப் பொறுமையே இல்லை போல" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒழுங்கைவிட, உங்களில் ஏதோ குறை இருக்கிறதா என்பதுதான் உங்களை அரிக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நான் பாடசாலையில் மனைப்பொருளியலும் தையலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இப்போதும் பெண்கள் பாதி வேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, வேலைகள் கண்ட கண்ட இடத்தில் நிற்பதில்லை. ஸ்வெட்டர் என்றால் கைக்குழியில், கழுத்தில், இரண்டாவது கையில், இல்லாவிட்டால் கடைசி இணைப்புத் தையலில் நிற்கும். பூத்தையல் என்றால் பின்னணி நிரப்பும் இடத்தில், அல்லது ஓரம் மடிக்கும் இடத்தில். பொறுமை இல்லாதவரின் வேலை பத்தாவது வரிசையிலும் நிற்கும், ஐம்பதாவது வரிசையிலும் நிற்கும். முதுகுப் பகுதி முழுவதையும் ஒரு கண்ணி தவறாமல் பின்னியவர் கழுத்துக்கு வந்ததும் ஊசியைக் கீழே வைத்தார் என்றால், அந்த இடத்தில் ஏதோ விளங்கவில்லை, அல்லது ஏதோ கையில் இருக்கவில்லை. ஒவ்வொரு வேலையையும் எடுத்து, எங்கே நின்றது, எதனால் நின்றது என்று கண்டுபிடியுங்கள். அந்தத் தடையை எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவை நகரத் தொடங்கும். நகராதவற்றைப் பிரித்துவிடலாம், அதைப் பற்றியும் சொல்கிறேன்.

ஆனால் அதற்கு முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. நம் மலைநாட்டில் பெட்டிக்குள் வைத்த துணி வைத்தபடியே இருப்பதில்லை. மாதக்கணக்கில் மூட்டம், மழை, ஈரம் ஊறிய சுவர். பெட்டியைத் திறந்து, துணிகளில் குத்தியிருக்கும் தையல் ஊசிகள் அனைத்தையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரத்தில் ஊசி துருப்பிடித்தால் துரு துணியில் இறங்கிவிடும். பூத்தையல் வளையத்தில் மாட்டியபடி விட்ட துணியையும் கழற்றுங்கள். வளையம் அழுத்திய இடத்தில் அழுக்கும் மடிப்பும் சேர்ந்து, காலம் போகப் போகப் போகாத கறையாகும். பின்னல் ஊசிகளில் தொங்கும் வேலைகளுக்கு, மெல்லிய பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகளுக்குள்ளாலும் இழுத்து, இரண்டு முனையையும் சேர்த்து முடிந்துவிட்டு ஊசியை உருவுங்கள். வருடக்கணக்கில் ஊசியில் கிடந்த கண்ணிகள் அகன்று போயிருக்கும். மீண்டும் தொடங்கும்போது கடைசி இரண்டு வரிசையைப் பிரித்துவிட்டுப் பின்னினால் அந்த இடம் கோடாகத் தெரியாது.

உருவிய ஊசியின் இலக்கத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதி அந்த வேலையோடு கட்டுங்கள். இலக்கத்தை மட்டும் எழுதாமல் மில்லிமீற்றரிலும் எழுதுங்கள். நம் வீடுகளில் இருக்கும் பழைய ஊசிகளில் பிரித்தானிய இலக்கம்தான் இருக்கும். அதில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மில்லிமீற்றர், 10 என்றால் 3.25. இணையத்தில் எடுக்கும் அமெரிக்க மாதிரிகளில் 8 என்றால் 5 மில்லிமீற்றர். இந்த ஒன்றைக் கவனிக்காமல் அளவு பிழைத்துப்போய், ஏன் என்று விளங்காமலே ஓரத்தில் வைக்கப்பட்ட ஸ்வெட்டர்கள் கொஞ்சமல்ல.

பூச்சி, பூஞ்சணம் பற்றியும் சொல்ல வேண்டும். அந்துப்பூச்சியின் புழு தின்பது உண்மையான கம்பளியையும் பட்டையும்தான். அக்ரிலிக்கையும் பருத்தியையும் பொதுவாக விட்டுவிடும், வியர்வையோ சாப்பாட்டுக் கறையோ படிந்திருந்தால் ஒழிய. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நூலுருண்டை அநேகமாக அக்ரிலிக். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால், விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் வைத்து நெருப்புக் காட்டிப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் மணத்தோடு மெதுவாக எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலாக விழும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் இரண்டு குணமும் தெரியும், அப்போது இந்தச் சோதனையை முழுக்க நம்ப முடியாது. கம்பளியில் புழு இருப்பதாகச் சந்தேகம் வந்தால், காற்றுப் புகாத பையில் கட்டி டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைப்பது நிச்சயமான வழி. சாதாரண ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டுப் பகுதி அவ்வளவு குளிர்வதில்லை. வேப்பிலை, கராம்பு, யூகலிப்டஸ் இலை எல்லாம் நம் பாட்டிமார் வைத்தவை, நானும் வைக்கிறேன், மணமும் நல்லது. ஆனால் ஏற்கெனவே துணியில் இருக்கும் முட்டையையும் புழுவையும் அவை கொல்லும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. நெப்தலீன் பூச்சி உருண்டை விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அதைப் போடாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கு, அந்த உருண்டையோடு இருந்த துணியை உடுத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

கழுவிக் காயப்போடுவதற்குக் காலம் பார்க்க வேண்டும். உங்கள் பக்கம், அதாவது தலவாக்கலை, அட்டன், மஸ்கெலியா, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் நனையும். அந்த நேரத்தில் கனத்த பின்னலைக் கழுவினால் நாலு நாளானாலும் காயாமல் மக்கு மணம் பிடிக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் உறைந்தாலும் பகல் வெயில் நன்றாக இருக்கும், அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பண்டாரவளை, பதுளைப் பக்கத்தவர்களுக்கு நேர்மாறு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் அவர்களுக்குக் காய்ந்த மாதங்கள். பின்னலைக் கொடியில் தொங்கவிடாமல் துவாயில் சுருட்டி நீரைப் பிழிந்தெடுத்து, இன்னொரு துவாயில் படுக்கவைத்துக் காயவையுங்கள். காய்ந்தபின் பொலித்தீன் பை வேண்டாம். பழைய தலையணை உறைக்குள் போட்டு, வெளிச்சுவரிலிருந்தும் விறகடுப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள். அடுப்புப் புகை ஏறிய வெள்ளை நூல் மஞ்சளாகிவிட்டால் திரும்பி வெள்ளையாவது கஷ்டம். வெள்ளைப் பருத்தியில் துருக்கறை என்றால் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம். பூ தைத்த இடத்தில் அது பட்டால் நூலின் நிறம் மங்கலாம், ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். கறுப்புப் பூஞ்சணப் புள்ளிகள் முழுதாகப் போகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். குளோரின் ப்ளீச்சைக் கம்பளிக்கும் பட்டுக்கும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அது நாரையே அரித்துவிடும்.

சரி, இப்போது நின்ற இடங்களுக்கு வருவோம். மெரூன் கார்டிகனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னல் முழுதும் முடிந்த வேலை அது, ஆனாலும் உங்கள் மனக்கணக்கில் "முடியாதது" என்றே எழுதப்பட்டிருக்கிறது. இணைப்புத் தையல் பலருக்குப் பயம், ஏனென்றால் பின்னக் கற்றுக்கொடுத்தவர்கள் இணைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. ராத்திரி மின்விளக்கில் மெரூன் நிறத்தைத் தைக்கப் போனால் கண்ணிகள் தெரியாது. காலை வெளிச்சத்தில் சன்னலடியில் உட்காருங்கள். தைக்கும் முன் பகுதிகளை நனைத்து, அளவுக்கு இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள், அப்போது ஓரம் சுருளாது. முதலில் தோள்கள், பிறகு கழுத்துப்பட்டி, பிறகு கைகளின் உச்சியைக் கைக்குழியில் பொருத்துவது, கடைசியாகக் கையின் அடியும் உடம்பின் பக்கமும் ஒரே ஓட்டமாக. பக்கத் தையலுக்கு இரண்டு பகுதிகளையும் நல்ல பக்கம் மேலே தெரிய அடுத்தடுத்து வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில் ஏணிப்படிபோல் குறுக்கே ஓடும் இழையை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துக்கொண்டே போங்கள். சில அங்குலம் போனதும் நூலை மெல்ல இழுத்தால் இரண்டு ஓரமும் ஒட்டிக்கொள்ளும், தையலே தெரியாது. அக்ரிலிக் என்றால் நேராக அயன் வைக்காதீர்கள். சூட்டில் நூல் செத்து, தொய்ந்து பளபளத்துவிடும், பிறகு எதைச் செய்தும் மீளாது.

நீல ஸ்வெட்டரின் கழுத்து வேறு விதமான தடை. மாதிரிக் குறிப்புகளில் கைக்குழிப் பக்கம் கண்ணி குறைத்துக்கொண்டே போகும்போது "அதே நேரத்தில்" கழுத்தையும் பிரிக்கச் சொல்லும் வரி வரும். இரண்டு கணக்கு ஒரே நேரத்தில் ஓடும். நடுவில் அடுப்பைப் பார்க்கப் போய் வந்தால் எல்லாம் குழம்பும். இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, கணக்குப் பாடத்துக்கு வாங்கும் சதுரக் கொப்பியில் வரைவது. ஒரு கட்டம் ஒரு கண்ணி, ஒரு கட்ட வரி ஒரு பின்னல் வரிசை. குறிப்பில் உள்ளதை வரிசை வரிசையாகக் கட்டத்தில் இறக்கினால், கைக்குழி எங்கே குறைகிறது, கழுத்து எங்கே திறக்கிறது என்று படமாகவே தெரிந்துவிடும். எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பதைப் பின்னலிலேயே வாசிக்கலாம். நல்ல பக்கத்தில் ஒவ்வொரு "வி" வடிவமும் ஒரு கண்ணி. கைக்குழியின் முதல் குறைப்பிலிருந்து மேல்நோக்கி "வி"க்களை எண்ணினால் அத்தனை வரிசை. இரு பக்கமும் நிட் மட்டும் போட்டுப் பின்னிய வேலையில் ஒரு மேடு இரண்டு வரிசைக்குச் சமம்.

அப்படி வாசித்துக் கழுத்தை முடித்தாலும் அந்த ஸ்வெட்டர் உங்கள் மகனுக்கு ஏறாது. இதை நேராகப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருந்தால் முடித்துக் கொடுங்கள், கழுத்துதானே பாக்கி. இல்லையென்றால் பிரித்துவிட்டு, அந்த நூலோடு இன்னொரு நிறத்தைச் சேர்த்துப் பட்டை போட்டு அவனுக்கு இப்போதைய அளவில் ஒன்று தொடங்கலாம். வளர்ந்த பையனுக்கு அந்த நீலம் மட்டும் போதாது.

இங்கே கையின் இறுக்கம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்தாறு வருடத்தில் கை மாறும். அன்று மனக் கவலையில் இறுக்கிப் பின்னியிருப்பீர்கள், இன்று தளர்வாக வரும், அல்லது நேர்மாறாக. பழைய பகுதியில் 10 சென்ரிமீற்றருக்கு எத்தனை கண்ணி என்று அடிமட்டம் வைத்து எண்ணுங்கள். பிறகு அதே ஊசியில் ஒரு சிறு சதுரம் பின்னி எண்ணுங்கள். டபுள் நிட்டிங் எனும் நடுத்தரத் தடிப்பு நூலில் 4 மில்லிமீற்றர் ஊசிக்கு 22 கண்ணி வழக்கம். அது 24 ஆனால், 45 சென்ரிமீற்றர் அகலம் வரவேண்டிய 99 கண்ணி 41 சொச்சத்தில் நின்றுவிடும். முன்னும் பின்னும் சேர்த்து உடம்பைச் சுற்றி 7.5 சென்ரிமீற்றர் குறைவு. வித்தியாசம் தெரிந்தால் கையைக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஊசியை மாற்றுங்கள். இறுக்கமாக வந்தால் கால் அல்லது அரை மில்லிமீற்றர் பெரிய ஊசி.

ஒற்றைக் கை, ஒற்றைக் காலுறை வேலைகளுக்குக் காரணம் சலிப்பு, அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒரு தரம் செய்து முடித்ததை அப்படியே திரும்பச் செய்வதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு கணக்குப் பிரச்சினையும் ஒளிந்திருக்கிறது: முதல் கையில் எத்தனை வரிசைக்கு ஒரு தரம் கண்ணி கூட்டினோம் என்று எழுதி வைக்காததால் இரண்டாவதைத் தொடங்கவே தயக்கம். முதல் கையை மேசையில் விரித்து, கூட்டிய இடங்களில் குண்டூசி குத்தி, இடையில் உள்ள வரிசைகளை எண்ணி எழுதுங்கள். இனிமேல் கைகளை இரண்டு நூலுருண்டை வைத்து ஒரே ஊசியில் சேர்த்துப் பின்னுங்கள். இரண்டும் ஒன்றாக முடியும்.

போர்வை விஷயத்தில் உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360 வரை ஏறியது. இறக்குமதி நூல் கடைகளில் வரவில்லை, வந்ததையும் வாங்க முடியவில்லை. இப்போது அதே நிற இலக்கம் கிடைத்தாலும் சாயம் போட்ட தொகுதி வேறாக இருக்கும், பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஒரே நிறமாகக் காட்ட முயல வேண்டாம். துணிந்து வேறொரு நிறத்தில் சுற்றுக்கரை போட்டால் முதலிலிருந்தே அப்படித்தான் நினைத்தது போலிருக்கும். ஸ்வெட்டரில் இதே சிக்கல் வந்தால் இரண்டு வரிசை பழைய நூல், இரண்டு வரிசை புதிய நூல் என்று கொஞ்ச தூரம் மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லை கரைந்துவிடும். ஆனால் குரோஷே சதுரப் போர்வைகள் நிற்பதற்கு நூல் தீர்ந்ததைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, உங்கள் பெட்டியிலும் பார்த்துச் சொல்லுங்கள்: வால் நூல்கள், அதாவது நிறம் தொடங்கும், முடியும் இடங்களில் தொங்கும் முனைகள். மூன்று நிறச் சதுரம் ஒன்றில் ஆறு முனை. 60 சதுரம் என்றால் 360 முனை, எல்லாவற்றையும் ஊசியில் கோத்துச் செருக வேண்டும். அதைக் கடைசிக்கு விட்டவர்கள் யாராக இருந்தாலும் மலைத்துப்போவார்கள். ஒரு நாளைக்கு ஐந்து சதுரம், வானொலி கேட்டுக்கொண்டு, அவ்வளவுதான் வேலை. இருக்கிற சதுரங்கள் கட்டிலுக்குப் போதாவிட்டால் மடியில் போட்டுக்கொள்ளும் அளவில் இணைத்து முடியுங்கள். நம் குளிருக்கு அதுவும் தேவைதான்.

குஷன் உறைகள் ஆறும் வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு முடிந்துவிட்டன, இரண்டுக்கும் பின்துணி வைத்துத் தைத்து நாற்காலியில் போடுங்கள். மிச்ச நாலின் துணியில் கார்பன் தாளில் பதித்த கோடுகள் இருந்தால், கழுவிப் பார்க்கும் முன் அயன் போடாதீர்கள், சூட்டில் சில மைகள் நிலைத்துவிடும். சிவப்பு நூல் இருந்தால் குளிர்ந்த நீரில் தனியாக ஊறவைத்து, சாயம் இறங்குவது நிற்கும்வரை நீரை மாற்றுங்கள்.

பிரிப்பதைப் பற்றி. பலருக்கு இது பாவம் செய்வது போல இருக்கிறது, எனக்கு அப்படியில்லை. நூல் காசு கொடுத்து வாங்கியது, பின்னிய நேரம் திரும்பாது, நூல் திரும்பும். பிரிக்கும் நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழியாமல் எடுத்துத் தொங்கவிடுங்கள். கம்பளியின் சுருள் நன்றாக நீங்கிவிடும். அக்ரிலிக் ஓரளவுதான் நிமிரும், ஆனாலும் பின்னலாம். பிரிக்கக் கூடாதவையும் உண்டு: பூஞ்சணம் ஊறி இழுத்தால் அறும் நூல், பஞ்சு உரிந்து இழை பிரிய மாட்டாத மொஹேர் (ஆட்டுமயிர் நூல்) வகை. அவற்றை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். நல்ல சிறு துண்டு நூல்களை 20 சென்ரிமீற்றர் சதுரங்களாகப் பின்னிச் சேர்த்தால், முதியோர் இல்லத்துக்கோ தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கோ போர்வையாகும். பாதி வேலையை அப்படியே யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள், அது உங்கள் பாரத்தை இன்னொருவர் தலையில் ஏற்றுவது. குழந்தைகளுக்குப் பின்னும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: லயத்து வீடுகளில் திறந்த அடுப்பும், கரண்ட் போனால் மெழுகுதிரியும் இருக்கும். அக்ரிலிக் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி எளிதில் தீப்பற்றாது. விலை கூடினாலும் கைக்குழந்தையின் உடுப்புக்கு நான் கம்பளியைத்தான் சொல்வேன்.

பெட்டியை நினைத்தாலே மனம் கனக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 1927இல் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், இடையில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்று எழுதினார். இணையத்தில் இதை அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அது எப்போதும் அப்படி வரவில்லை, ஆகவே உங்கள் கனத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் உதவுவது எளிய ஒன்று: எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கலந்து வைக்காமல், ஒவ்வொன்றையும் தனிப் பையில், நின்ற காரணம் எழுதிய துண்டோடு வைப்பது. அப்போது ஒன்றை எடுக்கும்போது மற்றவை கண்ணில் படாது. இதையெல்லாம் செய்தும் எந்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு தூக்கம் எல்லாம் கெடுகிறது என்றால் அது தையல் ஆசிரியையிடம் கேட்கும் கேள்வியில்லை, தயங்காமல் வைத்தியரிடம் போங்கள். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியையும் பரிசோதிக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்க முடியாமல் நின்ற பூத்தையலைப் பொறுமையில்லாமல் நின்றது என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

புதிதாகத் தொடங்கலாமா? தொடங்குங்கள். "எல்லாம் முடியும்வரை ஒன்றும் தொடங்க மாட்டேன்" என்று சபதம் எடுத்தவர்களில், பழையதும் செய்யாமல் புதியதும் செய்யாமல் ஊசியையே விட்டவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். கணக்கு வேண்டிய வேலை ஒன்று வீட்டில், யோசிக்காமல் பின்னும் வேலை ஒன்று பஸ்ஸுக்கும் கிளினிக் வரிசைக்கும். இந்த இரண்டில் ஒன்று முடிந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரலாம், பழையதோ புதியதோ உங்கள் விருப்பம்.

அம்மாவின் மேசைவிரிப்பை இந்தக் கணக்குகளுக்கு வெளியே வையுங்கள். அதை முடிப்பது கடமை இல்லை. முடிக்க விரும்பினால் அம்மாவின் தையலைப் பின்பக்கமும் திருப்பிப் பாருங்கள்; நூலை எப்படித் தொடங்கினார், எந்தத் திசையில் குறுக்குத் தையலின் மேல்கால் (பெருக்கல் குறியில் மேலே கிடக்கும் இழை) விழுகிறது என்று அங்கே தெரியும். மேல்கால் எல்லாம் ஒரே திசையில் விழுந்தால்தான் வேலை ஒன்றாகத் தெரியும். அவருடையது ஆங்கர் என்ற பூத்தையல் நூலாக இருந்தால் ஆறு இழையில் எத்தனை எடுத்துத் தைத்தார் என்று உருப்பெருக்கியில் பாருங்கள், அநேகமாக இரண்டு அல்லது மூன்று. நிறம் கொஞ்சம் மாறினால் மாறட்டும், அவர் விட்ட இடம் தெரிவதில் ஒரு நியாயம் இருக்கிறது. முடிக்க வேண்டாம் என்றால் ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்து, கழுவி, கஞ்சி போடாமல், வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி வரும். மடித்து வைத்தால் மடிப்பிலேயே துணி இற்றுப்போகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் கார்டிகனிலிருந்து தொடங்குவேன், அது இரண்டு மூன்று காலை வேலைதான். அதற்குப் பிறகு சதுரங்களின் வால்கள், அப்புறம் குஷன் இரண்டு. நீல ஸ்வெட்டரை யாருக்காவது கொடுக்கும் எண்ணம் இருந்தால், குறிப்பில் கைக்குழி தொடங்கும் வரியிலிருந்து கழுத்து முடியும் வரி வரை அப்படியே இங்கே எழுதுங்கள். இப்போது ஊசியில் எத்தனை கண்ணி நிற்கிறது, முதல் குறைப்பிலிருந்து எத்தனை "வி" என்பதையும் சொல்லுங்கள். சதுரக் கொப்பியில் வரைந்து, எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.